நூறு வீட்டுக் கழிவுநீர் ஆற்றை என்ன செய்துவிடும்?

"எங்கள் மலைக் கிராமத்தில் நூறு வீடுகள்தான், அந்தக் கழிவுநீர் ஓடை வழியாக ஆற்றில் கலந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டு உறுப்பினராக இருந்தபோது இதே வார்த்தைகளைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவன் நான். அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் நீலகிரியில், காட்டேரி ஓடைக்கு வடியும் சரிவில் இருக்கிறது. அந்த ஓடை அருவியாக விழுந்து, குன்னூர் ஆற்றோடு சேர்ந்து, மேட்டுப்பாளையத்தருகே பவானியில் கலக்கிறது. ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்த காலத்தில் கழிவுநீர் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் கீரைப்பாத்திக்குப் போய்விடும். பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. ஜல் ஜீவன் திட்டக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். உங்கள் நூறு வீட்டில் 400 பேர் என்று வைத்துக்கொண்டால் 22,000 லிட்டர். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தினமும் வெளியே வரும். தண்ணீர் உள்ளே வருவதற்கு ஆளாளுக்கு மனுக் கொடுத்தோம். அது வெளியே போவதற்கு ஒருவரும் கொடுக்கவில்லை, நான் உட்பட.

ஆறு பெரியதுதானே என்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் பெரியதுதான், எங்கள் ஊரடியில், பங்குனி மாதத்தில், அது கணுக்கால் நனையும் ஓடை. குளிர்ந்த நல்ல நீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரின் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று முடிக்கவோ 200 மில்லிகிராம் வரை, சில வேளை அதற்கு மேலும், தேவைப்படும். பாறையில் மோதி விழும் நீர் காற்றை இழுத்துத் தானே தேறிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மறுப்பு எழுதக் காத்திருப்பவர்களுக்காக இதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் உப்பு அருவியில் விழுந்து ஒழிவதில்லை. நோய்க்கிருமிகளும் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

செப்டிக் டேங்க் இருக்கிறதே என்ற சமாதானமும் போதாது. அது கசடைத் தங்க வைக்குமே தவிர, அழுக்கில் பாதிக்கு மேல் வெளியேறும் நீரோடு போய்விடும். உறிஞ்சுகுழியோ, சரிவில் மேல் வீட்டுக்காரருக்குக் குழி, கீழ் வீட்டுக்காரருக்கு ஊற்று.

ஆகவே கழிவுநீரைச் சுத்திகரிக்கப் படிவுத் தொட்டி, தடுப்பறைகள், கல்வாழை நட்ட சரளைப் படுகை என்று ஒன்றைக் கட்டினோம். மின்சாரம் வேண்டாம் என்பதே எனக்குப் பிடித்திருந்தது. மழைக்காலம் முழுவதும் ஒழுங்காக ஓடியது. மார்கழியில் உறைபனி விழுந்ததும் கல்வாழை இலைகள் கருகின; குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிட்டதால் செரிக்காத கசடு, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, சரளைக்குள் போய் அடைத்துக்கொண்டது. சமவெளி ஊருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. படுகைமேல் தண்ணீர் தேங்கி நாறியது. "ஓடையில் விட்டிருந்தால் நாற்றம் கீழே போயிருக்கும், நீ அதை ஊர் வாசலில் கட்டி வைத்திருக்கிறாயே, தம்பி" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. எனக்குப் பதில் இல்லை.

தை மாதம் வீட்டுக்கு ஒருவராக இறங்கிச் சரளையைத் தோண்டிக் கழுவிப் போட்டோம். கழிவுநீர் கூடுதல் நாள் தங்குவதற்காக இன்னும் ஓர் அறை சேர்த்தோம். கல்வாழைக்குப் பதிலாகச் சம்பங்கோரை வந்தது. ஒவ்வொரு சமையலறைக்கும் வெளியே பிசுக்குத் தொட்டி வைத்தோம். அதை வாரந்தோறும் வழிப்பது மகளிர் குழுவின் கண்டிப்பால்தான் நடக்கிறது, என் பேச்சால் அல்ல.

தீராதது கசடு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும். லாரி வரும் சாலையோ எங்களுக்கு மேலே படிக்கட்டோடு நின்றுவிடுகிறது. வரும் லாரிகளிலும் சில, இரவில் ஏதோ ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டுத்தான் போகின்றன. மலைக்காரர்கள் பவானியைக் கெடுக்கிறார்கள் என்று சமவெளியிலிருந்து எழுதுபவர்கள், சுற்றுலா விடுதிகளின் குழாய் எங்கே முடிகிறது என்றும் ஒருமுறை பார்க்கலாம்.

எங்கள் படுகையிலிருந்து வரும் நீர் சற்றே மஞ்சளாக, நாற்றமின்றி இருக்கிறது. அதை மேரக்காய்ப் பந்தலுக்கும் பேரி மரங்களுக்கும் பாய்ச்சுகிறோம். பச்சையாகக் கடிக்கும் கேரட்டுக்கு விடுவதில்லை.