அந்த நிபுணர் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார்?

கேள்வி: நான் அணுமின்சாரத்துக்கு எதிரியும் இல்லை, ஆதரவாளனும் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம் என்று ஒரு வருடமாக முயற்சி செய்கிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு டிவி விவாதத்தில் 'சுதந்திரமான எரிசக்தி நிபுணர்' என்ற அறிமுகத்தோடு ஒருவர் அணு உலைகளை ஆதரித்துப் பேசினார். தெளிவாக, நிதானமாகப் பேசியதால் நம்பினேன். அப்புறம் தேடிப் பார்த்தால், அவர் அணுமின் துறையிடம் சம்பளம் வாங்கும் ஆலோசகர். ஏமாந்த உணர்வு இன்னும் போகவில்லை. இந்தத் துறையில் எல்லாரும் விலைபோனவர்கள் என்கிறார் என் நண்பர். அதெல்லாம் சதிக்கதை, அறிவியலை மட்டும் பார் என்கிறான் தம்பி. அரசியல்வாதிகள், மக்கள் தொடர்பு நிறுவனங்கள், அணுமின் துறை இந்த மூன்றுக்கும் நடுவில் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டு என்றால் நான் யாரைத்தான் நம்புவது?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் 'ஏமாந்த உணர்வு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த மனிதர் டிவியில் சொன்ன புள்ளிவிவரம் அத்தனையும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலி நியாயமானது. என் பதிலும் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

தொடர்பு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பாகவும் நாடாளுமன்ற விசாரணை அறிக்கையாகவும் வெளியே வந்த மின்னஞ்சல்களாகவும் அது பதிவாகியிருக்கிறது. குறிப்பாக இந்தத் துறையில் அது ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சோப்பு விற்கிறவருக்கு வாங்குகிறவரின் மனது மாறினால் போதும். அணு உலை கட்டுகிறவருக்கு அரசாங்கத்தின் மனது மாறாமல் இருக்க வேண்டும், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. ஓர் உலையைத் திட்டமிட்டுக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு மூன்று தேர்தல் வந்து போய்விடும். பிரிட்டனில் ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்துக்கு அரசு ஒப்புக்கொண்ட ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு 92.50 பவுண்ட், அதுவும் 2012-ம் ஆண்டு விலைவாசிக் கணக்கில். விலைவாசி ஏற ஏற இதுவும் ஏறும், 35 வருடத்துக்கு. சந்தை விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசம் மக்களின் மின்கட்டணத்தில் ஏறும். விபத்து நடந்தால் நிறுவனம் எவ்வளவு வரை பொறுப்பு என்பதற்கும் சட்டம் தேவை. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் முழுப் பொறுப்பையும் ஏற்க முன்வராததால் அமெரிக்கா 1957-லேயே பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் கொண்டுவந்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. ஆக, யுரேனியத்துக்கும் முன்னால் இந்தத் துறைக்கு வேண்டிய கச்சாப்பொருள் அரசியல் தயவு. தயவு நிலைக்க வேண்டுமென்றால் பொதுமக்கள் கருத்தும் சாதகமாக இருக்க வேண்டும். அங்கேதான் மக்கள் தொடர்புக்காரர்கள் வருகிறார்கள்.

இன்னொன்று, இந்தத் துறை பிறந்ததே ராணுவத்தின் மடியில். பிரிட்டனில் கால்டர் ஹால் நிலையத்தை 1956 அக்டோபரில் ராணி எலிசபெத் திறந்து வைத்தபோது, அமைதிக்கான மின்சாரம் என்று உலகமே கொண்டாடியது. அந்த உலைகளின் முதல் வேலை அணுகுண்டுக்கான புளுட்டோனியம் தயாரிப்பது. மறு வருடமே பக்கத்தில் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தது. அதை விசாரித்த அறிக்கையை முழுதாக வெளியிட வேண்டாம் என்று பிரதமர் மேக்மில்லன் முடிவெடுத்தார். அது மக்கள் கைக்கு வர 30 வருடம் ஆயிற்று. இப்படி ரகசியத்தில் வளர்ந்த துறைக்கு வெளிப்படையாகப் பேசும் பழக்கம் சீக்கிரம் வராது.

இனி ஜப்பானுக்கு வருவோம். மாட்சுதாரோ ஷோரிகி என்பவர் யோமியூரி ஷிம்புன் நாளிதழின் அதிபர், நிப்பான் டிவியை நிறுவியவர். 1955-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த நவம்பரில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. நடத்தியவர்கள் அவருடைய பத்திரிகையும் அமெரிக்க அரசின் தகவல் பிரிவும். அதற்கு முந்தைய வருடம்தான் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து நாடே கொதித்துப் போயிருந்தது. 1956 ஜனவரியில் ஜப்பானின் அணுசக்தி ஆணையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் அதே ஷோரிகி. பத்திரிகை, டிவி, நாடாளுமன்றம், ஆணையம் நான்கும் ஒரே மனிதர் கையில்.

அந்த ஏற்பாடு கீழே வரை எப்படி இறங்கியது என்பதற்கு ஒரு பெயர்ப்பலகை போதும். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று ஃபுடாபா. அங்கே கடைவீதிக்குக் குறுக்கே ஒரு வளைவு நின்றது. 'அணுசக்தி, ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்' என்பது அதிலிருந்த வாசகம். எழுதியது எந்த விளம்பர நிறுவனமும் இல்லை. 1980-களின் கடைசியில் ஊர் நிர்வாகம் வாசகம் கேட்டபோது வீட்டுப்பாடமாக எழுதிக் கொடுத்த ஓர் ஆறாம் வகுப்புப் பையன். 2011 மார்ச்சில் விபத்து நடந்து ஊரே காலியான பிறகும் ஆளில்லாத தெருவில் அந்த வாசகம் நின்றுகொண்டிருந்தது. 2015 கடைசியில் பலகை பழுதாகிவிட்டது என்று கழற்றினார்கள். கழற்றாதீர்கள், நடந்ததை மறக்காமலிருக்க அது இருக்கட்டும் என்று எதிர்த்துப் போராடியவர் அதே பையன், வளர்ந்து பெரியவரான பிறகு. மக்கள் தொடர்பு என்றால் டை கட்டிய ஆட்கள் நடத்தும் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு குழந்தையின் நம்பிக்கையைக்கூட அது தன் செங்கல்லாக எடுத்துக்கொள்ளும் என்பதை அந்த வளைவின் புகைப்படத்தில் பார்த்தபோது எனக்கு மனது ரொம்பக் கனத்துவிட்டது.

விபத்துக்குப் பிறகாவது மாறியதா? மூன்று மாதம் கழித்து, 2011 ஜூனில், கென்காய் நிலையத்தின் உலைகளை மறுபடி இயக்கலாமா என்று விளக்க அரசு ஒரு டிவி நிகழ்ச்சி நடத்தியது. பார்வையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம். அந்த நிலையத்தை நடத்தும் கியூஷு மின் நிறுவனத்திலிருந்து ஊழியர்களுக்கும் துணை நிறுவனங்களுக்கும் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்கள்: சாதாரணக் குடிமக்கள் போல ஆதரித்து எழுதுங்கள் என்று. ஆதரவாக வந்தவை 286, எதிர்ப்பு 163. விசாரித்தபோது ஆதரவில் 141 நிறுவனத்தின் ஏற்பாட்டில் வந்தவை என்று தெரிந்தது. அதைக் கழித்துப் பாருங்கள். பெரும்பான்மை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 2012 ஜூலையில் ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, ஃபுகுஷிமா மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றும், அரசும் கண்காணிப்பு அமைப்பும் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமும் கைகோத்துக்கொண்டதன் விளைவு என்றும் எழுதியது. அப்போதைய கண்காணிப்பு அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய அதே அமைச்சகத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

பிரிட்டனில் இதே காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஃபுகுஷிமாவில் என்ன ஆயிற்று என்று உலகத்துக்கே சரியாகத் தெரியாத நேரம், நிலநடுக்கம் வந்து இரண்டே நாள். அரசின் வணிகத் துறை அதிகாரிகள் இடிஎஃப், அரேவா, வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய அணுமின் துறை நிறுவனங்களைத் தொடர்புகொண்டு, செய்தி எப்படிப் போக வேண்டும் என்று திட்டமிட ஆரம்பித்திருந்தார்கள். தி கார்டியன் நாளிதழ் அந்த மின்னஞ்சல்களைப் பெற்று வெளியிட்டதால்தான் இது தெரியவந்தது. சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. ஆனால் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய அரசு, பதில் சொல்ல வேண்டியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டது. 2006-ல் அதே நாட்டு அரசு புதிய உலைகள் பற்றி மக்கள் கருத்துக் கேட்ட முறை, தவறாக வழிநடத்துவதாகவும் நியாயமற்றதாகவும் இருந்தது என்று 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. செலாஃபீல்ட் அணு வளாகம் இருக்கும் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஜேமி ரீட், அதற்கு முன் அங்கேயே பத்திரிகைத் தொடர்பு அலுவலர். 2017-ல் பதவியை விட்டு விலகி மறுபடி அங்கேயே மக்கள் தொடர்பு சார்ந்த பொறுப்புக்குப் போனார். இதில் மறைப்பு எதுவும் இல்லை, தொகுதி மக்களில் பெரும்பகுதி அந்த வளாகத்தை நம்பி வாழ்பவர்கள். அவர் பேசுவதைக் கேட்கும் வெளியூர்க்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். நஷ்டத்தில் ஓடிய இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற, மின் நுகர்வோரிடமிருந்து நூறு கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கொடுக்கும் சட்டம் 2019-ல் நிறைவேறியது. அதற்காக ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் பக்கமிருந்து சுமார் 6 கோடி டாலர், நன்கொடையாளர் பெயரை வெளியிடத் தேவையில்லாத ஓர் அமைப்பின் வழியாக, அவைத் தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டரின் கட்டுப்பாட்டுக்குப் போனது. சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கக் கிளம்பியபோது, சீன அரசு உங்கள் மின்கட்டமைப்பைக் கைப்பற்றப் பார்க்கிறது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று விளம்பரம் ஓடியது. மின்கட்டணம் பற்றிய ஒரு கேள்வியை தேசபக்திக் கேள்வியாக மாற்றிய வேலை அது. 2023-ல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனம் தன் பங்கை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்டியது.

சரி, உங்கள் டிவி நிபுணருக்கு வருகிறேன். இதற்கு மக்கள் தொடர்புத் தொழிலில் பழைய உத்தி ஒன்று உண்டு: தானே பேசாமல், மக்கள் நம்பும் மூன்றாம் ஆள் ஒருவரைப் பேச வைப்பது. அமெரிக்காவில் 2006-ல் அணுசக்தித் துறையின் சங்கம் பணம் கொடுத்து ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தது. அதன் முகமாக இருந்த இருவரில் ஒருவர் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் இயக்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் மூர். மற்றவர் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைவராக இருந்த கிறிஸ்டின் டாட் விட்மன். பல பத்திரிகைகள் மூரை முன்னாள் கிரீன்பீஸ்காரர் என்று மட்டும் அறிமுகப்படுத்தின. யார் பணம் என்ற வரி விடுபட்டுப் போனது.

எப்படி விடுபடுகிறது என்று எனக்குத் தெரியும். பல வருடம் செய்தி மேசையில் வேலை பார்த்தவன் நான். பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஓர் உறை வரும், பிற்பாடு மின்னஞ்சல். தலைப்பு, நான்கு பத்தி, மேற்கோள் குறிக்குள் ஒரு பேராசிரியர் சொன்ன வாக்கியம், தரமான புகைப்படம், மேலும் பேச வேண்டுமானால் அவருடைய எண். எல்லாம் தயார். ஒருமுறை அப்படி வந்த எரிசக்திக் கட்டுரை ஒன்றை நானே இரண்டு வாக்கியம் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். பேராசிரியரின் ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் ஒரு வாசகர் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பர் சொன்னதுதான் சரி என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். உலை பொறியாளர்களில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் வேலையை உண்மையாக நம்பிச் செய்பவர்கள். ஒரே அளவு மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று கணக்கிட்டால் நிலக்கரியைவிட அணு மிகமிகக் குறைவு, கார்பனும் அப்படியே. பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னார் என்பதால் இது பொய்யாகிவிடாது. எதிர்ப்பக்கத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும். அணு உலைகளை மூடும் சட்டத்தைக் கொண்டுவந்த ஜெர்மனியின் சான்சலர் (அரசின் தலைவர்) ஷ்ரோடர், 2005-ல் பதவி போனவுடனே ரஷ்ய எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எரிவாயு வியாபாரிக்கு மூடிய அணு உலை லாபம்தான். தம்பி அறிவியலைப் பார் என்பதும் பாதி சரி. உலைக்குள் நடப்பதை அறிவியல் சொல்லும். உலை கட்ட எவ்வளவு ஆகும், தாமதமானால் யார் தலையில் விடியும், கழிவை எங்கே வைப்பது, கண்காணிப்பவர் சுதந்திரமானவரா என்பதற்கெல்லாம் பதில் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

யாரை நம்புவது என்பதை இப்படி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இவர்கள் என்ன சொல்கிறார்கள்? நிறுவனத்தின் வண்ணக் கையேட்டை மூடி வைத்துவிட்டு, பங்குதாரர்களுக்கு அது வெளியிடும் ஆண்டறிக்கையில் அபாயங்கள் என்ற பகுதியைத் திறங்கள். கையேட்டில் இல்லாத தாமதம், செலவு, வழக்கு எல்லாம் அங்கே இருக்கும், ஏனென்றால் மறைத்தால் வழக்கு வரும். தணிக்கை அறிக்கைகளைப் படியுங்கள். ஹிங்க்லி ஒப்பந்தம் ஆபத்தும் செலவும் மிக்க திட்டத்தில் நுகர்வோரைக் கட்டிப்போட்டுவிட்டது என்று 2017-ல் சொன்னது பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம்தான். அமெரிக்காவில் லாபி செய்பவர்கள், அதாவது பணம் வாங்கிக்கொண்டு அரசிடம் ஆதரவு திரட்டுபவர்கள், யாருக்காக, எவ்வளவு பணத்துக்கு என்று பதிவு செய்ய வேண்டும். அது எல்லாரும் பார்க்கக் கூடியது. ஒரு கட்டுரை உங்களைக் கவர்ந்தால் அந்த வாரம் எந்த மசோதா, எந்த மானியம், எந்தக் கருத்துக்கேட்பு நடக்கிறது என்றும் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

அப்புறம் அந்த டிவிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமில்லாமல், நான்கு வரி போதும்: இந்தத் தேதி, இந்த நிகழ்ச்சி, இவரை இப்படி அறிமுகப்படுத்தினீர்கள், இவர் இந்த அமைப்பின் ஆலோசகர், அது உங்களுக்கு முன்பே தெரியுமா? பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். பேராசிரியர் விஷயத்தில் எனக்கு வந்த கடிதமும் நான்கே வரிதான். அதற்குப் பிறகு எந்த நிபுணரின் மேற்கோளையும், பணம் எங்கிருந்து என்று போன் செய்து கேட்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை.