தாத்தாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் போர்டைப் படியுங்கள்

கேள்வி: தாத்தா பழையபேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் அவர் நிற்கிற ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் மிஞ்சியிருக்கிறது, பின்னால் ஒன்றும் எழுதவில்லை. எந்த வருஷம் எடுத்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: தாத்தாவின் முகத்தை வைத்து வயசைக் கணக்குப் போட்டால் சித்தப்பா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார், கடைசியில் சண்டையில்தான் முடியும். அவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, போர்டைப் படியுங்கள். 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் அந்த போர்டு 1965 அக்டோபர் 2-க்கு முன்னால் எழுதியது, அன்றைக்குத்தான் தர்மபுரி தனி மாவட்டமானது, கிருஷ்ணகிரியும் அதோடு போனது (நமக்கென்று மாவட்டம் வந்தது 2004 பிப்ரவரியில்தான்). விலை எழுதிய பலகை கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்: 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் எழுதியதாக இருக்கலாம், அணா மட்டும் இருந்தால் அதற்கும் முந்தையது. லை, னை எல்லாம் கொம்பு சுழித்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று ஊகிக்கலாம், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பெயின்டர்கள் கைப்பழக்கத்தில் அதற்கப்புறமும் ரொம்ப நாள் பழையபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். போர்டு பழசாக இருக்கும், படம் புதிதாக இருக்கும். நம் கடைக்காரர்கள் போர்டு மாற்றுவதற்கு எவ்வளவு யோசிப்பார்கள் என்று தெரியுமே. அதனால் படத்தில் இருப்பதிலேயே எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 'சேலம் ஜில்லா' போர்டுக்குக் கீழே 'டி.என். 29' மாதிரி நம்பரோடு ஒரு ஸ்கூட்டர் நின்றால் படம் 1989-க்குப் பிறகு எடுத்தது, அவ்வளவுதான்.

கேள்வி: பழைய படங்களை மொபைல் ஆப்பில் போட்டு கலராக்கித் தருகிறார்கள். செய்யலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கல்யாண வீட்டில் மாட்டுவதற்குச் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஆப்புக்கு உங்கள் பாட்டியின் புடவை என்ன நிறம் என்று தெரியாது, அதுவாக ஒன்றைப் பூசுகிறது. முகம் மங்கியிருந்தால் மூக்கையும் கண்ணையும் கூட அதுவே வரைந்துவிடும். நாளைக்குப் பேரன் பார்க்கும்போது அது பாட்டியே இல்லை. அசல் ஸ்கேனை டிஃப் கோப்பாக (TIFF, தரம் குறையாமல் சேமிக்கிற வகை), 600 டி.பி.ஐ. (ஸ்கேனர் துல்லியம்) அளவில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் விளையாடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துத் தேவாலயங்களின் 100 வருஷத்துக்கு முந்தைய படங்கள் எங்கே கிடைக்கும்? பங்குக் கோயிலில் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.
– வாசகர், எலத்தகிரி

பதில்: பங்கைக் குறை சொல்லாதீர்கள், படம் எடுத்தவர்கள் அதைத் தங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தோலிக்கக் கோயில் என்றால் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். தர்மபுரி மறைமாவட்டம் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) 1997-ல் வந்தது, அதற்கு முன் சேலம், அதுவும் 1930-ல்தான் உருவானது. அதற்கும் முன்னால் இந்தப் பக்கமெல்லாம் பாரிஸ் மிஷன் சாமியார்கள் பொறுப்பில் இருந்தது, அவர்களுடைய ஆவணக் காப்பகம் பாரிஸிலேயே இருக்கிறது.

லுத்தரன் சபை கதை வேறு. அமெரிக்காவின் மிசூரி சினாடு என்ற லுத்தரன் சபை அமைப்பு இந்தியாவில் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான், 1895-ல். முதலில் வந்த மிஷனரிகளில் ஒருவரான நேதர், 1904-ல் இங்கேயே பிளேக்கில் இறந்தார். அந்தச் சபையின் ஆவணங்கள் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள கன்கார்டியா வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. மின்னஞ்சலில் கேட்கும்போது 'பழைய படம் இருந்தால் அனுப்புங்கள்' என்று எழுதினால் பதில் வராது. ஊர் பெயரை அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று கேளுங்கள்.

இன்னொன்று, கோயில் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் ராயக்கோட்டையைப் படம் பிடித்திருக்கிறார். சேலம் ஜில்லா படங்கள் என்று 1858-ல் தொகுப்பாகவே வந்தது. மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்த காலம் அது. அந்தக் கனமான கேமராவை மாட்டு வண்டிக் காலத்தில் எப்படிச் சுமந்து கொண்டுபோனார்களோ!

கேள்வி: அப்பா அம்மா கல்யாணப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டவே வேண்டாம். பிளேடும் வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், நன்றாகவே வரும். லேமினேஷன் கடைப் பக்கமும் போகாதீர்கள், ஒருமுறை செய்தால் பிரிக்க முடியாது.

கேள்வி: எங்கள் பூர்வீக ஓட்டு வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறோம். நினைவுக்குப் படம் எடுத்து வைக்க ஆசை. எப்படி எடுப்பது?
– வாசகர், தர்மபுரி

பதில்: எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒன்று போதும். மற்றதெல்லாம் ஆளில்லாமல் எடுங்கள். தெருவோடு சேர்த்து முகப்பு, இரண்டு பக்கத்து வீடுகளும் தெரியும்படி. அப்புறம் நிலைக்கதவு, உத்தரம், தூண் கட்டையின் அடி, அடுப்படியில் புகை படிந்த சுவர், ஆட்டுக்கல் இருக்கிற இடம், கிணற்றடி. இடிக்கிற அன்றைக்கு ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், மங்களூர் ஓடாக இருந்தால் கம்பெனி பெயர் அச்சில் பதிந்திருக்கும், அதையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் தெரு, தேதி, எந்த அறை என்று எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இடிப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.