ரெண்டு ஸ்காலர்ஷிப்பையும் சேர்த்து வாங்கலாமா?

கேள்வி: அக்கா, மகன் அடுத்த மாசம் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிக்கிறான். அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டி வருஷத்துக்கு 20,000 யுஎஸ் டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப் தருது, இங்க சிங்கப்பூர்ல ஒரு அறக்கட்டளையும் 10,000 டாலர் தர்றோம்னு சொல்லிருக்காங்க. வெளிய வாங்குறத யூனிவர்சிட்டிகிட்ட சொல்லாதீங்கன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. என்ன செய்யறது?
- ஓர் அம்மா, ஈசூன்

பதில்: சொல்லாம மட்டும் இருந்துடாதீங்கம்மா. வேற எங்க பணம் வாங்கினாலும் தெரியப்படுத்தணும்னு பெரும்பாலும் ஆஃபர் லெட்டர்லயே போட்டிருப்பாங்க, மறைச்சது பின்னால தெரிஞ்சா படிப்பு நடுவுல இருக்கும்போது பணம் நின்னு போகும், அந்த நேரத்துல தம்பி அங்க தனியா நிப்பாரு.

ரெண்டும் வாங்குறது தப்பே இல்ல. அங்க ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் கூட்டி ஒரு வருஷத்துக்கு இவ்வளவு செலவுன்னு யூனிவர்சிட்டியே ஒரு கணக்கு வச்சிருக்கும், பொதுவா எல்லா உதவியும் சேர்ந்து அந்தத் தொகைய தாண்டக்கூடாது. உங்க 30,000 அத தாண்டுறது கஷ்டம்தான். ஆனா சில இடத்துல தாண்டாட்டியும் வெளிய 10,000 வந்துச்சுன்னா தாங்க குடுக்கிறதுல 10,000 குறைச்சுடுவாங்க, பிள்ளை ராத்திரி பகலா கட்டுரை எழுதி வாங்கின பரிசு கடைசியில யூனிவர்சிட்டிக்குத்தான் மிச்சம், எனக்கு இது பெரிய அநியாயமா படுது. 2017ல மேரிலாண்ட் மாநிலம் தன்னோட அரசு யூனிவர்சிட்டிங்க இப்படி இஷ்டத்துக்கு வெட்டக்கூடாதுன்னு அமெரிக்காவுலயே முதல்ல சட்டம் போட்டுச்சு, எல்லா மாநிலத்துலயும் அப்படி இல்ல.

அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசுக்கு மெயில் போட்டு, வெளி ஸ்காலர்ஷிப் வந்தா உங்க பணத்துல குறைப்பீங்களா, எவ்வளவு குறைப்பீங்க, இந்த 20,000 டியூஷனுக்கு மட்டுமா இல்ல ஹாஸ்டலுக்கும் ஆகுமான்னு கேளுங்க. குறைப்போம்னு பதில் வந்தா அறக்கட்டளைகிட்ட நேரா சொல்லிடுங்க, பணத்த ரெண்டாம் வருஷத்துக்குத் தள்ளி வைக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க. அவங்க பாண்ட் (படிச்சு முடிச்சதும் இத்தன வருஷம் வேலை செய்யணும்ங்கிற மாதிரி ஒப்பந்தம்) ஏதாவது வச்சிருக்காங்களான்னும் அப்பவே பாத்துடுங்க.

டாக்ஸ் விஷயத்த பல பேரு மறந்துடுறாங்க. டிகிரி படிக்கிறவங்களுக்கு டியூஷனுக்கும் கோர்ஸ்ல கட்டாயம்னு சொன்ன புத்தகத்துக்கும் போற ஸ்காலர்ஷிப்புக்கு அமெரிக்காவுல வரி கிடையாது, ஆனா யூனிவர்சிட்டி தர்ற பணம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனா எஃப் விசாவுல (மாணவர் விசா) இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு பொதுவா 14 சதவீதம் பிடிச்சுக்குவாங்க. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால அந்த வழியில சலுகையும் கேக்க முடியாது.

மெயில நீங்க எழுதாதீங்க, தம்பி வீக்கெண்ட் கேம்ப்ல இருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வரும்போது அவரையே எழுதச் சொல்லுங்க. அங்க பெத்தவங்ககிட்ட பேச மாட்டாங்க, படிக்கப் போற பிள்ளைகிட்டதான் பேசுவாங்க.