பின்னால் போகும் கார்

அன்புள்ள ஐயா,

17 வயது மகனோடு உட்கார்ந்து 'லைசென்ஸ் டு டிரைவ்' என்ற பழைய ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். லைசென்ஸ் கிடைக்காத பையன் தாத்தாவின் காரை ராத்திரியில் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் நாசமாக்குகிறான். கடைசியில் பிரசவ வலியில் துடிக்கும் அம்மாவை ரிவர்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். காதில் பூ! என் மகனோ சாவி கேட்கிறான். இப்படிப்பட்ட படங்கள் பிள்ளைகளைக் கெடுக்காதா? இந்த வகையில் உருப்படியான படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில் சாவி. கொடுக்காதீர்கள். அந்தப் படம் வந்த 1988-இல்தான் நம் மோட்டார் வாகனச் சட்டமும் வந்தது. 2019-இல் அதில் சேர்த்த 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது, பழியை ஹாலிவுட் மேல் போடுகிறீர்கள். படம் கெடுக்குமா கெடுக்காதா என்ற பேச்சே எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் அந்த ரிவர்ஸைக் காதில் பூ என்றீர்களே, அதை விட முடியாது. கொஞ்ச நாளாக நான் இதே நினைப்பில் இருக்கிறேன்.

லெஸ் என்ற அந்தப் பையன் தோற்றது கம்ப்யூட்டர் கேள்விகளில். சாலைத் தேர்வில் அதிகாரி டாஷ்போர்டில் ஒரு கப் காபியை வைக்கிறார், சிந்தினால் ஃபெயில். அதில் அவன் தேறிவிடுகிறான். நடுவில் வரும் கூச்சலும் நொறுக்கலும் எனக்கும் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. ஆனால் கடைசியில், வேறு கியரே விழாத காடிலாக்கை அவன் பின்னோக்கி ஓட்டுகிறானே, அது சாதாரண வேலையா? 1972 மாடல், ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம். நம் அம்பாசடர் நாலேகால் மீட்டர் சொச்சம்தான். அதையே ரிவர்ஸ் எடுக்க எத்தனை பேர் திணறினார்கள்!

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1986-இல் வந்த 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்திலும் ரிவர்ஸ்தான் வினை. நண்பனின் அப்பாவுடைய ஃபெராரியை ஊர் சுற்ற எடுத்துப்போகிறார்கள். ஓடிய தூரத்தை மீட்டரில் குறைக்க வேண்டுமே! ஜாக்கியில் ஏற்றி ரிவர்ஸில் ஓடவிடுகிறார்கள், ஒன்றும் குறையவில்லை. ஆத்திரத்தில் நண்பன் உதைக்க, கார் ஜாக்கியிலிருந்து நழுவிக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பின்பக்கமாகவே பள்ளத்தில் விழுகிறது. இரண்டும் பெரியவர்களின் கார்கள் என்பதைக் கவனித்தீர்களா?

என் அப்பா மாயவரத்தில் ஒருவரிடம் கார் டிரைவர். மாலையில் அம்பாசடரைக் கழுவ எங்கள் சந்துக்குக் கொண்டுவருவார். திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்த நாற்பது அடியில்தான் எனக்குப் பாடம். (எனக்கும் அப்போது 17. சிரிக்காதீர்கள், 199ஏ இல்லாத காலம்.) முன்னால் ஒரு அடி விடமாட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர். கழுத்தைத் திருப்பினால் பின்கண்ணாடியில் அப்பாவின் பனியன் தெரியும். டிக்கியைத் தட்டியபடியே "வா, வா, லெஃப்ட்ல ஒடி, நேராக்கு" என்பார். கண்ணாடியை நம்பாதே, கழுத்தைத் திருப்பு என்று நூறு தடவை சொல்லியிருப்பார். இப்போது கேமராவும் பீப் பீப்பும் வந்துவிட்டது, சரி. கழுத்து எதற்கு இருக்கிறது?

ஒருநாள் கம்பத்தில் உரசி பின்கதவை நசுக்கிவிட்டேன். முதலாளியிடம் தான்தான் இடித்ததாகச் சொன்னார். டிங்கரிங், பெயிண்ட் இரண்டுக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். எத்தனை மாதம் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, என்னையும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரம் நான் அந்தக் காரின் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் கழுவி முடித்து, ஈரத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றார். டிக்கியைத் தட்டினார்.

"ஏறுடா."

படப்பட்டியல் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அது அடுத்த கடிதத்தில்.