வெட்டுத் துணியில் கைத்தையல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அவிநாசியில் தையல் தொழில் செய்கிறேன். பனியன் கம்பெனிகளிலிருந்து எடைக்கு வரும் கட்டிங் வேஸ்ட் துண்டுகளை ஒட்டி, வங்காளத்துக் காந்தா தையலிட்டு மேலங்கி ஒன்று தைத்தேன். துணி அலையலையாக நெளிந்துவிட்டது. தையலில் பிழையா, துணியில் பிழையா? – ஒரு வாசகி

பதில்: இரண்டிலும் பிழையில்லை, இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் சிக்கல். காந்தா, நெய்த துணிக்கென வளர்ந்த வேலைப்பாடு. உடுத்தி நைந்த சேலை, வேட்டிகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே ஓட்டுத்தையல் இட்டார்கள். பனியன் துணியோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். மேலே ஓடும் நூல் அப்படி நீளாததால், துணி தளரும் இடத்தில் தையல் சுருக்கிப் பிடிக்கிறது.

பழைய பருத்தி வேட்டியை அடித்தளமாக விரித்து, துண்டுகளின் கண்ணி வரிசை ஒரே திசையில் அமையுமாறு அடுக்கி, முதலில் பெருந்தையலால் நிறுத்திக்கொண்டு, அதன்பின் காந்தா இடுங்கள். லைக்ரா எனும் மீள்தன்மை இழை கலந்தவற்றை முன்னதாகவே ஒதுக்கிவிடுங்கள். பனியன் துணியின் பின்னல் வகைகளில் ரிப், இன்டர்லாக் துண்டுகள் படிந்து கிடக்கும். ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சியின் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளலும் உதவும்: குறுக்குவாட்டில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு நாடாவாக வெட்டி இழுத்தால், அது தானே உருண்டு தடித்த கயிறாகிவிடும், தறியின் நீளவாக்கு நூலான பருத்திப் பாவில் அதை ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகக் கொடுத்து விரிப்பும் பையும் நெய்யலாம். பவானியின் குழித்தறி நெசவாளர்களுக்குத் தடித்த ஊடை புதிதன்று. ஆனால், பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது என்பதால், இவ்விரிப்பை அப்பெயரில் விற்கக் கூடாது.

வடிவமைப்புக்கு முன்மாதிரி வேண்டுமானால், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி எனும் ஒட்டுத்துணிப் போர்வையைப் பாருங்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை அடைகிறார்கள். நான்கு மூலைகளிலும் 'பூலா' எனும் முக்கோண மடிப்புகளை வைக்காமல் வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை. துண்டுதான் அங்கே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நம் வடிவமைப்பாளர்கள் பலர் காகிதத்தில் படத்தை முடித்துவிட்டு, அதற்கேற்ற நிறம் கழிவில் கிடைக்காதபோது புதுத் துணியை வெட்டிச் சேர்க்கிறார்கள். அதைக் கழிவு ஆடை என்று விற்பது, என் பார்வையில், நேர்மையன்று. விலை வைக்கும்போது, துணி மலிவு என்பதற்காகக் கைத்தையல் மணிநேரத்தையும் மலிவாக்காதீர்கள். உங்கள் செலவில் பெரும்பகுதி அதுதான்.

கேள்வி: துண்டுகளை மறுசுழற்சி நூலாக்குவது இதைவிட எளிதல்லவா? – கல்லூரி மாணவர், சென்னை

பதில்: எளிதுதான், ஆனால், துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால், ஓ.இ. (ஓப்பன் எண்ட்) முறையில் நூல் நூற்கும் மில்களில் பெரும்பாலும் தடித்த நூலே கிடைக்கிறது. மெல்லிய சட்டைத் துணிக்கு அது போதாது. அதன் உண்மையான ஆதாயம் சாயத்தில் இருக்கிறது. துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து நூற்றால் மீண்டும் சாயமேற்றத் தேவையில்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆகவே உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகளைத் தையலுக்கும், மற்றவற்றை நிறம் பிரித்து மில்லுக்கும் கொடுப்பதே முறை.