குதிரை விரும்பித்தானே ஓடுகிறது?

"குதிரை ஓடுவதற்கே பிறந்தது, அப்புறம் பந்தயத்தில் என்ன கொடுமை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடுவது இயல்புதான். களைத்த பிறகும் சவுக்கடி பட்டு ஓடுவது இயல்பல்ல. பல நாடுகளில் எலும்பு முழுதாக முற்றாத 2 வயதிலேயே பந்தயத்துக்கு விடுகிறார்கள். கால் மோசமாக முறிந்தால் பெரும்பாலும் கருணைக்கொலைதான். ஏறத்தாழ 500 கிலோ உடலை மூன்று காலில் தாங்கினால் மற்றக் குளம்புகளும் அழற்சி கண்டு கெட்டுவிடும். பாவம், அதற்குப் படுத்தே கிடக்கவும் முடியாது.

கொழும்பு ரேஸ்கோர்ஸில் இன்று கடைகளும் ரக்பி மைதானமும்தான். ஆனால் ஏப்ரலில் நம்மவர்கள் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போகிறார்கள். நோர்வே 1982இலேயே குதிரையை விரட்டச் சவுக்கால் அடிப்பதைத் தடைசெய்தது, பந்தயம் நின்றுவிடவில்லை. சரி, குறைந்தபட்சம் அதையாவது நாமும் கேட்கலாமே.