துணிப்பை கொடுக்குற டிவி

அன்புள்ள அக்கா,

நியூயார்க்ல இருக்குற தர்ட்டீன்ங்குற பிபிஎஸ் (அமெரிக்காவோட பொது டிவி) ஸ்டேஷனுக்கு மாசம் அஞ்சு டாலர் கொடுத்துட்டு வர்றேன். அதுல பாஸ்போர்ட்னு அவங்களோட ஆன்லைன் சேவை கிடைக்குது, பிரிட்டிஷ் சீரியல் எல்லாம் பாக்கலாம். அமெரிக்க காங்கிரஸ் பொது டிவிக்குக் கொடுத்த வரிப்பணத்தை வெட்டினதுல இருந்து இன்னும் கொடுங்க இன்னும் கொடுங்கன்னு ஓயாம ஈமெயில் வருது. பசங்க பாக்குறது யூட்யூப், நாங்க பாக்குறது நெட்ஃப்ளிக்ஸ். பிபிஎஸ் செய்தி ஒருபக்கம் சாயுதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நம்ம தூர்தர்ஷன் மாதிரி அரசாங்கக் காசுல ஓடுறது அரசாங்கத்துக்குத்தானே ஊதும்னும் தோணுது. பிடிச்சவங்க காசு கொடுத்துப் பாக்கட்டுமே, வரிப்பணம் எதுக்கு? நான் தொடர்ந்து கொடுக்கணுமா வேண்டாமா?

கே., எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கே.,

கொடுக்கலாமா வேண்டாமா ரகக் கடிதத்துக்கு நான் பதில் போடுறதில்ல, உங்க பர்ஸ் உங்க பாடு. ஆனா இந்த விஷயம் 2025 ஜூலைல அந்த ஓட்டெடுப்பு நடந்த நாள்ல இருந்து என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, "பிடிச்சவங்க காசு கொடுத்துப் பாக்கட்டுமே"ன்னு நீங்க எழுதின வரியைப் படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு, அதான் உக்காந்துட்டேன்.

ஒருபக்கச் சாய்வு பத்தி முதல்லயே முடிச்சுடுறேன். இருக்கும். பிபிஎஸ்ஸோட நியூஸ்அவர் செய்தி பாக்குறப்ப எனக்கும் சில நாள் எரிச்சல் வரும். அதை ஆபீஸ்ல கேட்டு சொல்லாதீங்க, ஒரு வாரம் பாத்துட்டு நீங்களா சொல்லுங்க. தூர்தர்ஷன் கதை இதுக்குப் பொருந்தாது தம்பி. அங்க சம்பளமே டெல்லில இருந்து வருது. இங்க 1967ல ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்துல நடுவுல சிபிபின்னு ஒரு கார்ப்பரேஷனை வெச்சாங்க, அது நிகழ்ச்சி தயாரிக்கலை, ஒளிபரப்பலை, ஸ்டேஷன்களுக்குப் பணத்தைப் பிரிச்சுக் கொடுக்குறதுதான் முக்கிய வேலையா இருந்துச்சு. அந்தப் பணத்தையும் ரெண்டு வருஷம் முன்கூட்டியே ஒதுக்கிடுவாங்க, இன்னிக்கு ஒரு நிகழ்ச்சி பிடிக்கலைன்னா நாளைக்கே கழுத்தைப் பிடிக்க முடியாதபடிக்கு. அப்படி 2026க்கும் 2027க்கும் ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் நூத்தியேழு கோடி டாலரைத்தான் 2025ல திருப்பி எடுத்துக்கிட்டாங்க. அரசாங்கத்துக்கு ஊதின சேனலை அரசாங்கமே இப்படிப் போட்டு மிதிக்குமா? யோசிங்க.

சரி, எனக்கு சுருக்குன்னு ஆன இடத்துக்கு வர்றேன்.

தொண்ணூறுகள் கடைசில நாங்க ஓஹையோல இருந்தோம். அம்மா திருமங்கலத்துல இருந்து வந்திருந்தாங்க, பேரன் பொறந்திருந்தான். வெளிய பனி, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், பேசுறதுக்கு அக்கம்பக்கம் ஆள் கிடையாது, கேபிள் போடுற அளவுக்கு எங்க சம்பளமும் கிடையாது. டிவி மேல ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குற ஆன்டெனா, அதுல சுமாரா தெரியுற நாலஞ்சு சேனல், அவ்வளவுதான். அம்மாவுக்கு இங்கிலீஷ்ல எஸ், நோ தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் வேலைல இருந்து வந்து பாத்தா குழந்தையை மடில போட்டுக்கிட்டு காலண்டர் தாள் பின்னாடி பென்சிலால ஒரு கையை வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க. சட்டைக் கை. என்னம்மான்னா, "இந்தப் பொண்ணு கை வெட்டுற விதமே வேறடி, சுருக்கமே விழல"ங்குறாங்க.

அந்தப் பொண்ணு நான்சி ஜீமன். 'சூயிங் வித் நான்சி'ன்னு ஒரு நிகழ்ச்சி, விஸ்கான்சின் பப்ளிக் டெலிவிஷனோட சேர்ந்து தயாரிச்சது, 1982ல இருந்து 2017ல அவங்க சாகுற வரைக்கும் ஓடுச்சு. எங்க அம்மா ஊர்ல வீட்டு வாசல்ல மெஷின் போட்டு ஜாக்கெட் தைச்சே எங்களைப் படிக்க வெச்சவங்க. பாஷை புரியாட்டி என்ன, டேப்பு இஞ்சுலதானே இருக்கு, அந்தம்மாவுக்கும் இஞ்சு எங்கம்மாவுக்கும் இஞ்சு. இன்னொண்ணும் அம்மா கவனிச்சாங்க. நான்சிக்குக் கைக்குழந்தையா இருந்தப்பவே முகவாதம் வந்து ஒரு பக்கம் முகம் அசையாது, சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிக்கும். "வாய் கோணின பொண்ணை இங்க டிவில உக்கார வெச்சிருக்கான் பாரு, வேலை தெரியுதான்னு மட்டும் பாத்திருக்கான்"னாங்க. நான் அதுவரைக்கும் அந்த முகத்தை சரியாப் பாத்ததே இல்ல.

இதுல உங்க வரியைக் கொண்டு வந்து வைங்க இப்ப. பிடிச்சவங்க காசு கொடுத்துப் பாக்கணும்னா எங்க அம்மா பாத்திருக்கவே முடியாது. டூரிஸ்ட் விசால வந்த கிழவி, வரி கட்டலை, நன்கொடை கொடுக்கலை, நானும் அப்ப ஒரு சென்ட் கொடுக்கலை, குழந்தைக்கு டயப்பர் வாங்கவே கணக்குப் பாத்த காலம். யாரோ கட்டின வரியும் யாரோ கொடுத்த நன்கொடையும் சேர்ந்து அந்தக் குளிர்காலத்துல எங்கம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்காம பாத்துக்கிச்சு. அந்த வரி எவ்வளவுங்கிறீங்க? சிபிபிக்குக் கடைசியா வருஷத்துக்குக் கிடைச்சது சுமார் 53 கோடியே 50 லட்சம் டாலர். நாட்டு ஜனத்தொகையால வகுத்துப் பாருங்க, தலைக்கு ஒன்றரை டாலர் சொச்சம். எடிசன்ல ஒரு காபி வருமா அதுக்கு?

நீங்க கொடுக்குற அஞ்சு டாலர் பத்தியும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. அது நன்கொடைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. பாஸ்போர்ட்டுக்காகக் கொடுக்குறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப நெட்ஃப்ளிக்ஸுக்குக் கொடுக்குற மாதிரிதானே இதுவும், வரிச்சலுகை சேந்தது ஒண்ணுதான் வித்தியாசம். தப்புன்னு சொல்லலை. ஆனா எல்லாரும் இப்படியே கொடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. நன்கொடை வசூல் வாரத்துல பிபிஎஸ் பாத்திருக்கீங்களா? வழக்கமா வர்ற நல்ல நிகழ்ச்சியைத் தூக்கிப்போட்டுட்டு ஐம்பதுகள் பாட்டுக் கச்சேரி, இல்லாட்டி மூளையை இளமையா வெச்சுக்குறது எப்படின்னு ஒரு டாக்டர், நடுநடுவுல டெலிபோன் பக்கத்துல ரெண்டு பேர் நின்னு, நன்கொடை கொடுத்தா கிடைக்குற துணிப்பையை ஆட்டி ஆட்டிக் காமிப்பாங்க. ஏன் அது? காசு கொடுக்குறவங்க வயசானவங்க, வசதியானவங்க, அவங்களுக்கு என்ன பிடிக்குமோ அது. விளம்பரக் கம்பெனி சொல்றதைக் கேக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச டிவி, கொடையாளி முகத்தைப் பாத்து நிகழ்ச்சி போடுது. வரிப்பணத்துக்கு முகம் கிடையாது தம்பி, அதான் அதோட அழகே. ஒன்றரை டாலர் கட்டினவன் யாரும் போன் பண்ணி எனக்கு இந்தப் பாட்டைப் போடுன்னு கேக்க முடியாது.

சீசேம் ஸ்ட்ரீட்டுக்கு நடந்ததைப் பாருங்க. வசதியில்லாத வீட்டுக் குழந்தைங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி எழுத்தும் எண்ணும் கத்துக்கணும்னு 1969ல ஆரம்பிச்சது. பணம் பத்தாம 2016ல இருந்து புது எபிசோடு முதல்ல எச்பிஓக்குப் போச்சு, காசு கட்டுற வீட்டுக் குழந்தை பாத்து ஒன்பது மாசம் கழிச்சுத்தான் காசு இல்லாத வீட்டுக் குழந்தைக்கு. பிடிச்சவங்க காசு கொடுத்துப் பாத்தாங்க, சரியா?

குழந்தைங்க நிகழ்ச்சி நடத்தின ஃப்ரெட் ராஜர்ஸ் 1969 மே மாசம் செனட் கமிட்டி முன்னாடி பேசின வீடியோவை இப்ப எல்லாரும் ஃபார்வர்ட் பண்றீங்க, எனக்கே எத்தனையோ தடவை வந்துடுச்சு. எவ்வளவு மென்மையா பேசுறார்னு கண்ணு கலங்குறீங்க. அந்த மென்மையான மனுஷன் அங்க உக்காந்து கேட்டது 2 கோடி டாலர் வரிப்பணம். அதை மட்டும் மறந்துடுறீங்க.

வரிப்பணத்துல நூத்துக்கு எழுபதுக்கும் மேல உள்ளூர் ஸ்டேஷனுக்குத்தான் போச்சு. நியூயார்க், பாஸ்டன் எல்லாம் பிழைச்சுக்கும், அங்க சுவத்துல பேர் பொறிச்சுக்க ஆளுங்க இருக்காங்க. அலாஸ்கால பெத்தல்னு ஒரு ஊர், ரோடு போட்டுப் போய்ச் சேர முடியாது, விமானத்துலதான் போகணும், இல்லாட்டி ஆத்துல. அங்க கேஒய்யூகேன்னு ஒரு ரேடியோ ஸ்டேஷன், அந்தப் பக்கத்துப் பழங்குடிங்க பேசுற யூபிக் மொழிலயும் செய்தி சொல்றது. அதோட வருமானத்துல பெரும்பங்கு சிபிபி காசா இருந்துச்சு. 2025 அக்டோபர்ல ஹாலோங் புயலோட மிச்சம் வந்து கிப்னக், க்விகில்லிங்கோக்னு ரெண்டு கிராமத்துல வீடுகளையே அடிச்சுட்டுப் போச்சே, அப்ப ஜனங்க காதை வெச்சுக் கேட்டது அந்த ஸ்டேஷனைத்தான். பணம் நின்ன அதே மாசம் அது. அந்த ஊர்ல துணிப்பை காட்டி யார்கிட்ட வசூல் பண்றது? நம்ம ஊர்ல டவுன் பஸ் கடைசி கிராமம் வரைக்கும் நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போய் நஷ்டத்துல திரும்பும் பாருங்க, அந்த ரூட்டை எந்தத் தனியார் முதலாளியும் எடுக்க மாட்டான். உங்க போன்ல நடுராத்திரி வெள்ள எச்சரிக்கை அலறுமே, அது போய்ச் சேர்றதுக்கு ஒரு மாற்று வழி பிபிஎஸ் ஸ்டேஷன் டவர்களாலதான் போகுது. யூட்யூப் பாக்குற உங்க பசங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்க சொந்த மாநிலத்துக் கதையாவது தெரியுமா? நியூ ஜெர்சி பிபிஎஸ்ஸை நடத்திட்டு இருந்தது உங்க தர்ட்டீனை வெச்சிருக்குற அதே டபிள்யூநெட். மாநில அரசும் பணத்தைக் குறைச்சு, மத்தில இருந்தும் நின்னு போனதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போறதில்லைன்னு 2025 செப்டம்பர்ல அறிவிச்சுட்டாங்க. எடிசன்ல உக்காந்துக்கிட்டு நியூயார்க் ஸ்டேஷனுக்குக் காசு கொடுத்து இங்கிலாந்து பங்களா சீரியல் பாக்குறீங்க, உங்க மாநிலத்துச் செய்தியைப் பேசுறதுக்கு இருந்த பொது டிவி கையை விட்டுப் போற நிலைமை வந்துச்சு, அது உங்க கடிதத்துல ஒரு வார்த்தை இல்ல. இதுக்குத்தான் எனக்குக் கோவம்.

பிபிஎஸ் தப்பே பண்ணலைன்னு நான் சொல்ல வரலை. பங்களா சீரியலைக் காட்டி நடுத்தர வர்க்கத்துக்கிட்ட நல்ல பேர் வாங்கினாங்க, தையல் சொல்லித் தர்றதையும் கிராமத்துச் செய்தியையும் தங்களோட பெருமையா அவங்களே எடுத்துச் சொன்னதில்ல. கடைசில பணத்தை வெட்டுற ஓட்டெடுப்பு செனட்ல 51க்கு 48, பிரதிநிதிகள் சபைல 216க்கு 213. மூணே ஓட்டு. 2026 ஜனவரில சிபிபி போர்டு தன்னையே கலைச்சுக்க ஓட்டுப் போட்டுச்சு.

உங்க கேள்விக்கு வர்றேன். கொடுங்க, நிறுத்தாதீங்க. சின்ன ஸ்டேஷன்களைத் தாங்கிப் பிடிக்க பப்ளிக் மீடியா பிரிட்ஜ் ஃபண்ட்னு ஒண்ணு இருக்கு, முடிஞ்சா அதுக்கும் கொடுங்க, பாஸ்போர்ட் கிடைக்காது. சிட்டிசன்னா காங்கிரஸ்மேன் ஆபீசுக்கு போன் பண்ணுங்க, கிரீன் கார்டுன்னாலும் பண்ணலாம். பை வேண்டாம்னு டிக் பண்ண ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணிடுங்க, அந்தக் காசாவது மிச்சம்.

அப்புறம் பசங்க யூட்யூப்ல என்ன பாக்குறாங்கன்னு ஒரு சாயங்காலம் பக்கத்துல உக்காந்து முழுசாப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க. திட்டுறதுக்கு எனக்கு இன்னும் நிறைய இருக்கு.

அன்புடன்,
அக்கா